ஒன்பதாம் அமர்வின் குறிப்பு

பள்ளிக்கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்.
பெஞ்சின் மேல் பெஞ்சை அடுக்கி
கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தோம்.
வருகைப் பதிவில் அறுபத்தொரு பேர்.
வாசலில் படகைவிட்டு இறங்காத பூபேன் மாலோ
வந்தவரா வராதவரா
என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் குறிப்பு எழுதுகிறவள்.
பேச்சை எழுதலாம், பெருமூச்சை எழுதக்கூடாது.

பொறியாளர் ரெஸாவுல் வரைபடத்தை விரித்தார்.
நனையாமல் நான்கு மூலையை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள்.
ஹரிமதி ஆற்றின் வயிற்றில் வண்டல்.
அதன் படுகை இப்போது
உங்கள் அடுப்பைவிட உயரம், என்றார்.
ஒரு பீலின் கரையை வெட்டுவோம்.
ஓதம் உள்ளே வரும், சேற்றை இறக்கிவைக்கும்,
வெறுங்கையோடு திரும்பும்.
ஐந்து வருஷத்தில் தாழ்ந்த நிலம் எழும்பும்,
ஆறு ஆழமாகும்,
இருபத்தேழு ஊர் காயும்.

எந்தப் பீல்?

எல்லோரும் வரைபடத்தைப் பார்த்தார்கள்.
பிறகு பாலியாடாங்காக்காரர்களைப் பார்த்தார்கள்.
நிவாரண அரிசிக்கு முந்திய ஊர்கள் எல்லாம்
அப்போது ஒன்றையொன்று முன்னே போகச் சொல்லின.

கோபாத் காஜி எழுந்தார். பதினான்கு பிகா.
சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் ஒரு சீட்டு.
பக்கத்துப் பீலைத் திறந்தபோது அவர் மச்சினனுக்குத் தந்தது.
மூன்று வருஷம் என்றார்கள், ஒன்பது ஆனது.
சீட்டு இன்னும் பணமாகவில்லை.
"மழை படாமல் வைத்திருக்கிறோம்" என்றார்.
சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இறால் பண்ணை தொஃபாஸல் சாஹேப்
வங்கிக் கடனைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்.
அதை முழுதாக எழுதியிருக்கிறேன்.

சுலதா மல்லிக் வாரத்துக்கு உழுகிறவள்.
நட்டஈடு பத்திரம் உள்ளவர்க்கே என்றதும் கேட்டாள்:
பத்திரம் இல்லாத கால்தடத்தில் மட்டும்
தண்ணீர் ஏறாதா?
பொறியாளர் பேனாவின் மூடியைத் திருகினார்.
திறந்தார். மறுபடி திருகினார்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து பூபேன்:
உங்களுக்கு அது ஐந்து வருஷ நஷ்டம்.
எனக்கு ஐந்து வருஷ ஆறு.
ஆறாம் வருஷம் வேலி போடுவீர்கள்.
அதையும் எழுதச் சொல்லுங்கள்.

அந்த நேரத்தில் ஓதம் ஏறியது.
சொல்லிவைத்ததுபோல் அறுபத்தொரு பேரும்
கால்களை மேலே இழுத்துக்கொண்டோம்.
இந்த ஒன்பது அமர்வுகளில்
ஒருவரும் ஆட்சேபிக்காத ஒரே தீர்மானம்.

பிறகு சுலதாதான் சொன்னாள்.
பணம் முதலில், மண்வெட்டி பிறகு.
எங்கள் நிலம் நீரில் கிடக்கிற வரை
உங்கள் நிலம் காயுமே,
காய்ந்ததில் எங்களுக்கு ஏர் ஓட்ட இடம் கொடுங்கள்.
ஊருக்கு இவ்வளவு என்று.

நெடுநேரம் தண்ணீர்தான் பேசியது.
நவாகாட்டியிலிருந்து வந்திருந்த ரொமேஸா
இரண்டு பிகா என்றாள், தன் பெயரில் இல்லாத நிலத்தை.
அவள் புருஷன் அவளைப் பார்த்தான், மறுக்கவில்லை.
ஓர் ஊர் மூன்று. ஓர் ஊர் அரை.
ஓர் ஊர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி
இன்னும் யோசிக்கிறது.
"இதற்குப் படிவம் இல்லை" என்றார் ரெஸாவுல்.
வரைபடத்தைத் திருப்பி
வெள்ளைப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

ஈரத்தில் மை காயவில்லை.
பாதிப் பெருவிரல்கள் பக்கத்துப் பெருவிரலோடு
கலந்துவிட்டன.

கோபாத் காஜி கையெழுத்துப் போடவில்லை.
"வெட்டுகிற அன்று குறுக்கே நிற்கவும் மாட்டேன்" என்றார்.
என் தாளில் இரண்டே கட்டம்:
சம்மதம். மறுப்பு.
இரண்டுக்கும் நடுவில் இருந்த கோட்டின்மேல்
அவர் பெயரை எழுதினேன்.
மேலதிகாரி திருத்தச் சொல்வார்.

இனி வருவது குறிப்பில் இல்லை.
இருட்டியபின் பூபேனின் படகில் ஏறினார் காஜி.
நானும் இருந்தேன்.
பீலின் நடுவே கோல் இறங்கியது,
இறங்கியது,
அடியைத் தொட்டது.
"மெல்ல ஊன்று" என்றார் அவர்,
"இது என் நாற்றங்கால்."